உளி பிடித்த சிறு கைகள்

குருத்து ஞாயிற்றுக்கு முந்திய மாலையில் நம் ஊர்த் திண்ணைகளில் ஓர் இனிய காட்சியைக் காணலாம். இளங்குருத்தோலைகளை வகிர்ந்து வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்கள் சிலுவை மடிப்பார்கள். சிறுவர்கள் சுற்றி அமர்ந்து தாமும் ஒன்று மடிக்க முயல்வார்கள். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் ஓலை நழுவும். போட்ட மடிப்பு அவிழும். அவள் மீண்டும் தொடங்குவாள். மூன்றாம் முறையும் அவிழ்ந்ததைக் கண்ட தாய், "கொடு இங்கே, நேரமாகிறது" என்று அதை வாங்கி, நொடிப்பொழுதில் அழகாக முடித்துக் கொடுத்துவிடுவார். மறுநாள் பவனியில் அச்சிறுமி ஏந்திச் செல்வது குறையற்ற சிலுவைதான். ஆனால் அது அவளுடையதன்று.

அந்த மாலையில் அச்சிறுமி இழந்தது என்ன? ஓர் ஓலைச் சிலுவையையா? இல்லை, "என்னால் முடியும்" என்று தன்னைத்தானே கண்டுகொள்ளும் ஒரு வாய்ப்பை. கைவினை குழந்தைகளின் உள்ளத்தை வளர்க்கும் என்று இன்று பலரும் பேசுகின்றனர். கோடை விடுமுறை வகுப்புகளும் நடத்துகின்றனர். ஆனால் கைவினை தானாகவே உள்ளத்தை வளர்த்துவிடுமா? ஒரே வேலை ஒரு குழந்தைக்குச் சிறகாகவும் இன்னொரு குழந்தைக்கு விலங்காகவும் அமைந்ததை வரலாறு காட்டுகிறது. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, திருஅவையின் அண்மைக்கால வரலாற்றில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

சிரிப்பை வரவழைத்த கேள்வி

1841ஆம் ஆண்டு டிசம்பர் 8. அமல உற்பவத் திருநாள். இத்தாலியின் தூரின் நகரில் அசிசி பிரான்சிஸ் ஆலயத்தின் திருவுடை அறையில், குருப்பட்டம் பெற்று ஆறே மாதங்களான இளங்குரு ஒருவர் திருப்பலிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். அவர்தாம் ஜான் போஸ்கோ. பின்னாளில் உலகம் தொன் போஸ்கோ என்று அழைத்த புனிதர். குளிருக்கு ஒதுங்கிய சிறுவன் ஒருவன் அங்கே தயங்கி நின்றான். பூசை உதவி செய்யத் தெரியாது என்று அவன் சொன்னதும் கோவில் பணியாளர் தூசி தட்டும் கோலாலேயே அவனை அடித்துத் துரத்தினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து வரச் செய்தார்.

பார்த்தலோமேயோ கரெல்லி என்பது அவன் பெயர். வயது 16, தாய் தந்தை இருவரும் இல்லை, கட்டட வேலை செய்பவன். வாசிக்கத் தெரியுமா? தெரியாது. எழுதத் தெரியுமா? தெரியாது. முதல் நன்மை வாங்கியாயிற்றா? இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவன் தலை இன்னும் தாழ்ந்தது. அப்போது தொன் போஸ்கோ, விசிலடிக்கவாவது தெரியுமா என்று கேட்டாராம். சிறுவன் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சலேசிய சபையின் பணி முளைவிட்ட நேரமென நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் கடைசிக் கேள்வியின் ஆழத்தை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? தெரியாதவற்றின் பட்டியலால் குன்றிப்போன ஒரு பிள்ளையிடம், அவனால் இயன்ற ஒன்றைத் தேடிப் பிடித்த கேள்வி அது. அவருடைய பிற்காலப் பட்டறைகள் அனைத்துக்கும் வித்து அதில்தான் இருந்தது.

அன்றைய தூரின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரம். மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த சிறுவர்கள் சாரங்களில் சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்தார்கள். புகைபோக்கிகளுக்குள் இறங்கிக் கரி துடைத்தார்கள். வேலையில்லாக் காலத்தில் தெருவே அவர்களுக்கு வீடு. குரு கபாசோவின் வழிகாட்டுதலில் சிறைச்சாலைகளுக்குச் சென்ற தொன் போஸ்கோ, 12 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை அங்கே கண்டு கலங்கினார். விடுதலையானவர்களிற் பலர் சில நாட்களில் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தனர். வெளியே அவர்களை ஏற்பாரும் நம்புவாரும் இல்லாததே காரணம் என்பதை அவர் உணர்ந்துகொண்டார்.

அடிக்காத ஆசான்

கைத்தொழிலின் அருமையைத் தொன் போஸ்கோ நூல்களில் படித்து அறிந்தவர் அல்லர். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தவர் அவர். படிப்புக்கு வழியில்லாத மாணவப் பருவத்தில் தையற்காரர் ஒருவரின் வீட்டில் தங்கி, பொத்தான் துளை கட்டவும், ஓரம் தைக்கவும், துணி வெட்டவும் கற்றார். கொல்லுப் பட்டறையில் சம்மட்டி பிடித்தார். கியேரி நகரில் காப்பிக் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே பலகாரம் செய்யப் பழகினார். ஒரு தொழிலின் சிறு நுணுக்கம் கைவசப்படும்போது இளம் உள்ளம் அடையும் நிமிர்வை அவர் தம் வாழ்விலேயே சுவைத்திருந்தார்.

முதலில் அவர் தம் பிள்ளைகளை நகரத்துத் தொழிலாளர்களிடம் பயிற்சிக்கு அனுப்பினார். அதுவும் வெறும் வாய்ப்பேச்சை நம்பியன்று. முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதி, ஆசானும் பயில்பவனும் தந்தையும் தாமும் கையொப்பமிடச் செய்தார். 1852 பிப்ரவரி 8 அன்று தச்சுப்பணி பயிலச் சென்ற ஜுசெப்பே ஒதாசோ என்னும் இளைஞனுக்காக எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 30 செந்தேசிமி, அடுத்த ஆறு மாதம் 40, அதன்பின் பயிற்சி முடியும்வரை 60 எனக் கூலி படிப்படியாக உயர வேண்டும். ஞாயிறும் திருநாட்களும் முழு ஓய்வு. தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலைகளுக்கு அவனை ஏவக் கூடாது. இவற்றோடு இன்னொரு நிபந்தனை: அவன் தவறு செய்தால் வாயால் மட்டுமே திருத்த வேண்டும், வேறு எவ்விதத்திலும் கூடாது.

பயில வந்த பிள்ளையை அறைவதும் உதைப்பதும் தொழில் கற்பித்தலின் ஒரு பகுதி என்றே உலகம் எண்ணியிருந்த காலம் அது. அக்காலத்தில் இந்த நிபந்தனை எத்துணைப் புதுமை! அடிக்குப் பயந்தவன் புதிதாக எதையும் முயலமாட்டான். மரத்தைப் பார்ப்பதற்குப் பதில் ஆசானின் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். பயம் நீங்கிய பிறகுதான் பிள்ளையின் கண் வேலையின்மேல் படியும். கைத்தொழிற் பயிற்சியையும் குழந்தை உள்ளத்தின் நலத்தையும் ஒரே தாளில் இணைத்து எழுதிய ஆவணம் என இதைச் சொல்லலாம்.

மாவுப் பசையும் காய்கறிக் கத்தியும்

ஒப்பந்தங்களால் மட்டும் எல்லாப் பிள்ளைகளையும் காக்க முடியவில்லை. நகரத்துப் பட்டறைகளின் தீச்சொல்லும் தீய பழக்கங்களும் அவர்களைத் தொட்டன. எனவே 1853ஆம் ஆண்டு வால்தோக்கோ இல்லத்திலேயே செருப்புத் தொழிலுக்கும் தையலுக்கும் இரு சிறு பட்டறைகளை அவர் தொடங்கினார். இடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. குறுகலான நடைவழியொன்றில் சில முக்காலிகள், அவ்வளவுதான். தொன் போஸ்கோவே அமர்ந்து தோலைத் தட்டிக் காட்டினார். ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். 1854இல் நூற்கட்டுமானம், 1856இல் தச்சு, 1862இல் அச்சகமும் இரும்புப் பட்டறையும் எனப் பணி விரிந்தது.

நூற்கட்டுப் பட்டறை தொடங்கிய கதை சுவையானது. ஒரு நாள் அவர் பிள்ளைகளில் ஒருவனை அழைத்து, இனி நீ புத்தகம் கட்டுபவன் என்றாராம். அந்த வேலை எனக்குத் தெரியாதே என்று அவன் திகைத்தான். தொன் போஸ்கோவுக்கும் தெரியாது! அச்சடித்த தாள்களை மேசைமீது பரப்பி இருவரும் மடிக்கத் தொடங்கினர். அவருடைய தாய் மார்கரீத்தா அம்மையார் கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தார். ஊசி நூலால் முதுகைத் தைத்தார்கள். ஓரங்களைச் சீராக வெட்டக் கருவி இல்லை. சமையலறையிலிருந்து காய்கறி நறுக்கும் பிறைவடிவக் கத்தி வந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். கோணலும் மாணலுமாக ஒரு புத்தகம் பிறந்தது. அதோடு ஒரு பட்டறையும் பிறந்தது.

குழந்தை வளர்ப்பவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி இது. ஆசான் எல்லாம் அறிந்தவராக உயர்ந்த இடத்தில் நிற்கவில்லை. பிள்ளையோடு சேர்ந்து தடுமாறினார். தவறு செய்வது வெட்கத்துக்குரியதன்று, வேலையின் ஒரு படிதான் என்பதைச் சொல்லாமலே கற்பித்தார். அங்கே எழுந்த சிரிப்பு ஏளனச் சிரிப்பன்று, குடும்பத்துச் சிரிப்பு.

இன்னொன்றும் உண்டு. அப்பிள்ளைகள் செய்தவை விளையாட்டுப் பொருட்கள் அல்ல. அவர்கள் தைத்த காலணியை அவர்களோடு உண்டு உறங்கிய தோழர்கள் அணிந்தார்கள். வெட்டித் தைத்த சட்டையை உடுத்தினார்கள். 1853 முதல் தொன் போஸ்கோ வெளியிட்டுவந்த கத்தோலிக்க வாசகம் என்னும் மாத வெளியீடு, சொந்த அச்சகம் வந்தபின் அப்பிள்ளைகளின் கைகளாலேயே அச்சாகியது. எழுத்தறியாது வந்தவன் எழுத்துக் கோப்பவனாக நிமிர்ந்தான். "நான் இல்லாவிட்டாலும் உலகம் நடக்கும்" என்று நொந்திருந்த அநாதைச் சிறுவனுக்கு, தான் செய்த ஒன்று மற்றொருவருக்குத் தேவைப்படுகிறது என்ற உணர்வைக் காட்டிலும் பெரிய மருந்து ஏது?

குறைகள் இல்லாமலில்லை. பட்டறைப் பிள்ளைகளின் எழுத்தறிவும் ஒழுங்கும் மாணவர்களின் அளவுக்கு உயரவில்லையே என்ற கவலை இல்லத்தில் நெடுநாள் இருந்தது. 1886இல் கூடிய சலேசிய சபையின் பொதுப்பேரவை, கைத்தொழில் பயிலும் பிள்ளைக்கு அறநெறியும் அறிவும் தொழில்திறனும் ஒருங்கே வேண்டும் என வரையறுத்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1877இல், அறிவு, மறை, அன்பு என்ற மூன்று தூண்களின்மேல் தம் கல்விமுறை நிற்பதாகத் தொன் போஸ்கோ எழுதியிருந்தார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணர வேண்டும் என்பது 1884இல் உரோமையிலிருந்து அவர் எழுதிய மடலின் சாரம். அவருடைய பட்டறைகளைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த திறவுகோல் இல்லை.

சான் லொரென்சோவின் குழந்தைகள்

தொன் போஸ்கோ 1888இல் மறைந்தார். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், அதே இத்தாலியில், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் இன்னொரு கதவு திறந்தது. 1907 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் அடுக்குமாடிகளின் சுவர்களைக் கீறி அழித்துக்கொண்டிருந்த சுமார் ஐம்பது சிறு குழந்தைகளை ஓர் அறையில் சேர்த்து, கவனிக்கும் பொறுப்பை ஒரு பெண் மருத்துவரிடம் கொடுத்தனர். அவர்தாம் மரியா மாண்டிசோரி. தொன் போஸ்கோவின் பிள்ளைகள் வளர்ந்த சிறுவர்கள்; இவர்களோ மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட மழலைகள். அஞ்சி அழுதவர்களும் வாய்திறவாதவர்களும் அவர்களுள் பலர்.

மாண்டிசோரி அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. கைக்கு வேலை கொடுத்தார். பொத்தான் மாட்டிப் பழக ஒரு துணிச்சட்டம். தூசி துடைக்கச் சிறு துணி. குழந்தை உயரத்துக்கு மேசை. பிசைந்து சிறு செங்கல்லும் குடுவையும் செய்யக் களிமண். உருளைக் கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் ஒரு பலகையும் அங்கே இருந்தது. மாற்றி வைத்தால் கடைசியில் ஒரு கட்டை இடமின்றி நிற்கும். தவறு என்று ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை. குழந்தை தானே கண்டு தானே திருத்திக்கொள்ளும். பிறர் முகம் சுளிப்பதைக் காணாமலே தவறிலிருந்து மீளும் அந்த உரிமை, குழந்தையின் தன்மானத்துக்கு எத்துணைப் பெரிய காவல்!

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அந்த உருளைகளை நாற்பது முறைக்கும் மேலாக எடுத்தெடுத்துப் பொருத்தினாள். மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் தொடர்ந்தாள். முடித்தபோது களைப்பில்லை, தூங்கி எழுந்தவள்போல் முகத்தில் தெளிவு. அடங்காத குழந்தை அடங்குவதும் அஞ்சிய குழந்தை தேறுவதும் இத்தகைய ஆழ்ந்த வேலைக்குப் பின்னரே என்பதை மாண்டிசோரி கண்டுகொண்டார்.

ஒரு நாள் அவர் மூக்கைச் சத்தமின்றித் துடைப்பது எப்படி என்று கைக்குட்டையால் மெல்லச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்; அவர்களோ கைதட்டி ஆரவாரித்தனர்! மூக்கு ஒழுகுகிறது என்று ஓயாமல் ஏசப்பட்ட அக்குழந்தைகளுக்கு, அதை எப்படிச் செய்வதென்று மரியாதையோடு ஒருவர் கற்பித்தது அதுவே முதல் முறை. ஏளனம் செய்யாமல் கற்றுக்கொடுப்பது குழந்தைக்கு நாம் செய்யும் மரியாதை என்று அவர் அன்று உணர்ந்தார்.

பின்னாளில் பார்சலோனா நகரில் அவர் இதே முறையை மறைக்கல்விக்கும் கொண்டுசென்றார். சிறுவர்கள் கோதுமை விதைத்தனர். திராட்சைக் கொடி வளர்த்தனர். தங்கள் கைகளால் பேணி வளர்த்தவை திருப்பலியின் அப்பமும் இரசமுமாக மாறும் என்பதை அறிந்த அப்பிள்ளைகள் நற்கருணையை எத்துணை நெருக்கமாக உணர்ந்திருப்பார்கள்!

தமிழ்மண்ணில்

இவ்விருவர் வழியும் நம் மண்ணை எட்டின. மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று 1906 ஜனவரியில் தஞ்சாவூர் வந்திறங்கிய சலேசியர்களே இந்தியாவுக்கு வந்த முதல் சலேசியர்கள். அருள்தந்தை ஜார்ஜ் தொமாத்திஸ் தலைமையில் வந்த அவர்கள், அநாதைச் சிறுவர்களிடையே கல்வியும் கைத்தொழிலும் வளர்க்கும் பணியைக் காவிரிக் கரையில் தொடங்கினர். மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. முந்நூறு பேர் அளவிலான ஆசிரியர்களும் பெற்றோர்களும் அவரிடம் பயிற்சி பெற்றனர். இரண்டாம் உலகப் போர் மூண்டு அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோது, 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்து, அங்கு மலைச்சரிவின் செடிகளையும் பூச்சிகளையும் குழந்தைகளோடு ஆராய்ந்தார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் இறந்த அவருடைய உடல் அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் துயில்கிறது.

வரலாற்றின் நிழல்

ஒளியை மட்டும் காட்டி முடித்தால் வரலாறு முழுமையாகாது. அயர்லாந்து நாட்டில் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளைக் குறித்து, அந்நாட்டின் விசாரணை ஆணையம் 2009 மே மாதம் தன் அறிக்கையை வெளியிட்டது. நெஞ்சைப் பிளக்கும் அந்த அறிக்கையில் ஒரு செய்தி: டப்ளின் நகரப் பள்ளியொன்றில் சிறுமிகள் செபமாலை கோக்க வைக்கப்பட்டனர். நாளொன்றுக்கு ஒவ்வொருத்தியும் 60 பத்துமணிக் கோவைகளை முடித்தாக வேண்டும், முடியாதவளுக்கு அடி. கம்பியை வளைத்து வளைத்துப் பிஞ்சு விரல்கள் புண்ணாயின.

அன்னை மரியாவின் மாலையைத் தொடுப்பதைவிடப் புனிதமான கைவேலை உண்டா? ஆயினும் அச்சிறுமிகளின் உள்ளத்தில் அது விதைத்தது அச்சமும் கசப்பும்தான். வேலை கெட்டதன்று, பொருளும் கெட்டதன்று. பிள்ளையைக் காட்டிலும் எண்ணிக்கையைப் பெரிதாக எண்ணிய உள்ளமே கெட்டது. திருஅவையின் மக்களாகிய நாம் இதை மறைக்காமல் நினைவில் வைக்கவேண்டும். ஏனெனில் இத்தவறு எந்த நல்ல இல்லத்திலும், எந்த நல்ல பெற்றோரிடத்திலும் நுழையக்கூடியது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்பதும் நெய்வதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது என்பது அதன் அழகு. ஆனால் 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் பிறரும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. சலவைத் தொழிலாளியின் மகன் சலவைக்கும் சக்கிலியரின் மகன் தோலுக்கும் பிறந்தவன் என்று சொல்லாமற் சொல்லும் கைத்தொழிலில் எந்தப் பிள்ளையின் உள்ளம் நிமிரும்? வால்தோக்கோவில் செருப்புத் தைத்த சிறுவனுக்கு அத்தொழில் வாசல். இங்கோ அது மதில்.

ஆக, கைவினை ஒரு கருவி மட்டுமே. அதைப் பிள்ளையின் கையில் எந்த மனத்தோடு வைக்கிறோம் என்பதே அது சிறகா விலங்கா என்பதைத் தீர்மானிக்கிறது. நம்பிக்கையோடு கொடுத்தால் பிள்ளை தன்னை நம்பக் கற்றுக்கொள்கிறது. அச்சத்தோடு திணித்தால் தன்னையே வெறுக்கக் கற்றுக்கொள்கிறது.

நம் வீடுகளில்

இவ்வரலாறு நம் இல்லங்களுக்குச் சொல்வது என்ன? முதலாவது, உண்மையான வேலையைக் கொடுப்போம். மழுங்கிய பிளாஸ்டிக் பொம்மைக் கருவியைக் கொடுத்துப் பிள்ளையை ஏமாற்ற வேண்டாம். வயதுக்கேற்ற சிறு கத்தரிக்கோல், ஊசி நூல், களிமண், சுத்தியல் என உண்மையானவற்றை அருகிருந்து கற்பித்துக் கொடுக்கலாம். அவன் தைத்த பொத்தான் தந்தையின் சட்டையில் இருக்கட்டும். அவள் அடித்த ஆணியில் வீட்டுத் திருப்படம் தொங்கட்டும். ஊசி பெண்ணுக்கு, சுத்தியல் ஆணுக்கு என்ற பழைய கணக்கும் நமக்கு வேண்டாம்.

இரண்டாவது, தவறுவதற்கு நேரம் கொடுப்போம். பிள்ளையின் கையிலிருந்து வாங்கி நாமே முடித்துக் கொடுப்பது அன்பு போலத் தோன்றும். பிள்ளையின் காதிலோ "உன்னால் ஆகாது" என்றே ஒலிக்கும். அவிழ்ந்ததை மீண்டும் கட்டும் பொறுமை, கோபத்தையும் ஏமாற்றத்தையும் தாங்கிக்கொள்ளும் பயிற்சி. இன்று அவிழ்ந்த ஓலையோடு போராடிப் பழகியவன், நாளை தேர்வில் தோற்றாலும் உறவில் காயப்பட்டாலும் உடைந்துபோகமாட்டான்.

மூன்றாவது, எண்ணிக்கையையும் போட்டியையும் எல்லையோடு நிறுத்துவோம். 1223ஆம் ஆண்டு கிரேச்சோ சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த கிறிஸ்து பிறப்புக் காட்சியில் இருந்தவை வைக்கோலும் எருதும் கழுதையும்தான். நம் பங்குகளில் நடக்கும் குடில் போட்டிகளிலோ, பிள்ளைகளின் பெயரில் பெற்றோர்களே விலைக்கு வாங்கிய குடில்கள் பரிசு பெறுவதுண்டு. மறைக்கல்வி ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கட்டும்: களிமண்ணில் ஒரு காது பெரிதாகிப்போன ஆட்டுக்குட்டியை ஒரு சிறுவன் தன் கையால் செய்து குடிலில் வைத்தால், அதைக் காண இறைக்குழந்தை முகம் சுளிப்பாரா?

நான்காவது, பாராட்டும்போது பார்த்துப் பாராட்டுவோம். "அருமை, அருமை" என்று நிமிராமலே சொல்வதைப் பிள்ளைகள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். "இந்த இடத்தில் எப்படி ஒட்டினாய்?" என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்பதே சிறந்த பாராட்டு. கைகள் இயங்கும்போது வாயும் திறக்கும். எதிரெதிரே உட்கார வைத்து விசாரித்தால் சொல்லாத பள்ளித் துயரத்தை, அருகருகே அமர்ந்து காகித நட்சத்திரம் ஒட்டும்போது ஒரு பிள்ளை தானாகவே சொல்லிவிடும். கைபேசித் திரையின்முன் தனித்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மாலைநேரத்தை நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நாசரேத்தின் பட்டறை

தச்சர் அல்லவா இவர் என்று நாசரேத்து மக்கள் இயேசுவை இகழ்ந்து கேட்டதை மாற்கு எழுதுகிறார். இகழ்ச்சியாகச் சொன்ன அச்சொல் நமக்கோ பெருமை. சொல்லால் உலகைப் படைத்த இறைவார்த்தை, மனிதரானபின் உளி பிடிக்கச் சூசையப்பரிடம் கற்றுக்கொண்டது. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளை மே முதல் நாளில் ஏற்படுத்தினார். அந்நாளில் நாம் உழைப்பாளரை வாழ்த்துகிறோம். அதோடு, ஒரு சிறுவனின் கைமீது தம் கையை வைத்து இழைப்புளி தள்ளக் கற்பித்த அந்த நல்ல தந்தையையும் எண்ணிப் பார்ப்பது தகும். எந்தத் தச்சரின் பட்டறையிலும் பிள்ளைகள் வீணாக்கிய மரத்துண்டுகள் மூலையில் கிடக்கும். அவற்றைப் பொறுத்துக்கொள்பவரே பிள்ளையை வளர்க்கிறார்.

அடுத்த குருத்து ஞாயிறு வரும். திண்ணையில் ஓலை வகிர்வோம். அந்தச் சிறுமியின் கையில் மடிப்பு மீண்டும் அவிழும். அப்போது நம் கை நீளாதிருக்கட்டும். அவள் நான்காம் முறை தொடங்கட்டும். ஐந்தாம் முறையும் தொடங்கட்டும். மறுநாள் பவனியில் அவள் சற்றே கோணிய சிலுவையொன்றைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து நடப்பாள். அதை அவள் பிடித்திருக்கும் உயரத்தைப் பார்த்தாலே நமக்குத் தெரிந்துவிடும், அது அவளுடையதென்று.